அப்பா எழுதினதுல கை வைக்காதீங்க

அன்புள்ள அண்ணா,
கியோத்தோவுல ரெய்ஜெய் குடும்பம் பழைய கவிதை உரைகளை நூற்றாண்டுக்கணக்கா பெட்டியில பூட்டி வச்சிருந்ததா படிச்சேன். இது சுயநலம் இல்லையா? அப்புறம், இறந்துபோன எங்கப்பா ஜப்பானியக் கவிதைகளுக்கு எழுதின குறிப்பு நோட்டை டைப் பண்ணிட்டிருக்கேன், தப்பான விளக்கங்களை அப்பப்பவே திருத்திடறேன்.
எம்.

அன்புள்ள எம்,

சுயநலமும் இருந்துச்சுதான், அந்தக் குடும்பங்களுக்கு சோறும் மரியாதையும் அந்த உரைகளாலதான் வந்துச்சு. அதை விடுங்க. போற போக்குல "திருத்திடறேன்"னு எழுதிட்டீங்களே, ரெண்டு நாளா அதுதான் உறுத்துது.

2024-ல அந்த வீட்டுப் பெட்டியிலேருந்து கிடைச்சதா அறிவிச்சாங்களே, கென்சூ மிக்கன், அந்தக் குடும்பத்தோட முன்னோரான கவிஞர் தெய்கா, கொகின்ஷூங்கற பழைய கவிதைத் தொகுப்புக்குக் கைப்பட எழுதின உரை, அதுல என்ன இருக்குன்னு பாத்தீங்களா? அதே தொகுப்புக்கு முன்னாடி உரை எழுதின கென்ஷோ, போட்டிக் கவிதைக் குடும்பத்துக்காரர். அவர் விளக்கத்தை தெய்கா அப்படியே எழுதி வச்சுட்டு, தன் கருத்தை அதுக்குப் பின்னாடி தனியா சேர்க்கறார். ஒத்துக்காத இடத்துலயும் அவர் சொன்னதை அழிக்கல!

ஆனா அதே தெய்காவும் ஒரு தடவை சறுக்கினார். 1235, வயசு எழுபதுக்கு மேல, கண்ணு மங்கிப்போச்சு, அப்ப சுராயுகிங்கற கவிஞர் முந்நூறு வருஷம் முன்னாடி தன் கையால எழுதின பயணக் குறிப்பு, தோசா நாட்குறிப்பு, தெய்கா கைக்கு வருது, காப்பி எடுக்கறார், கடைசிப் பகுதியை மட்டும் சுராயுகியோட கையெழுத்து வளைவு நெளிவோட அப்படியே வரைஞ்சு வைக்கிறார், பின்னாடி வர்றவங்க அந்தக் கையைப் பாக்கணும்னு. எவ்வளவு பிரியம் பாருங்க. ஆனா மத்த பக்கங்கள்ல எழுத்துக்கூட்டலை தன் வழக்கத்துக்கு மாத்திட்டார். அடுத்த வருஷம் மகன் தமேயியெ அதே மூலத்தை எடுத்து காப்பி பண்ணி, ஒரு எழுத்துகூட மாறலன்னு கடைசியில குறிச்சும் வச்சார். மூலம் பிறகு தொலைஞ்சே போச்சு. அப்பா எங்கெங்க கை வச்சார்னு இன்னைக்குத் தெரியறது முக்கியமா மகனோட காப்பியாலதான்.

இருபத்திரெண்டு வயசுல, எங்கப்பா புத்தக ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்த ஒரு விளக்கம் தப்புன்னு ரப்பரால அழிச்சேன். இப்ப அந்தப் பக்கத்தை விளக்குக்குச் சாய்ச்சுப் பிடிச்சா பென்சில் அழுத்தின தடம் தெரியுது, என்ன எழுதினார்னு படிக்க முடியல.

நோட்டு பத்திரமா இருக்குல்ல? முதல் பக்கத்துலேருந்து மறுபடி டைப் பண்ணுங்க, தப்போட, அடிச்சுத் திருத்தினதோட. உங்க கருத்தை அடியில உங்க பேர் போட்டு எழுதுங்க தம்பி. முடிச்சதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்க.