கெடு வேறு, முடிந்த திகதி வேறு

கேள்வி: தோட்டத்தில் லயம் எனும் வரிசை வீடுகளிலிருந்து வெளியே வரும் குடும்பங்களுக்குத் தனிவீடு கட்டும் வேலையில் அட்டவணை பார்ப்பது நான்தான். மைக்ரோசொப்ட் புரொஜெக்டில் ஒவ்வொரு வேலையையும் எப்போது முடித்துக்கொடுக்க வேண்டுமோ அந்தத் திகதியை பினிஷ் நிரலில் போட்டேன். மழையில் மண் வெட்டும் வேலை இழுபட்டதும் அத்திவாரம், சுவர் எல்லாத் திகதியும் தானாக மாறிவிட்டது. அத்திவாரம் முடிந்து நூறு வீதம் என்று போட்டால், அட்டவணையில் இருந்த நாளிலேயே முடிந்ததாகக் காட்டுகிறது. உண்மையில் முடிந்தது அடுத்த கிழமை. என்ன செய்யலாம்?
வாசகி, டிக்கோயா

பதில்: பினிஷ் என்பது கணக்குப் போட்டு வரும் திகதி, நீங்கள் கொடுத்த வாக்கு அல்ல. அதில் கையால் ஒரு திகதியைத் தட்டினால், 'இதற்கு முன் முடியக்கூடாது' என்ற கட்டுப்பாடாக மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முன்வேலை பிந்தினால் திகதி தள்ளிப்போகிறது, முன்வேலை சீக்கிரம் முடிந்தாலோ இந்த வேலை அசையாமல் நிற்கிறது, இரண்டு பக்கமும் நட்டம். வேலையை இரட்டைக் கிளிக் செய்து அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போங்கள். அங்கே கொன்ஸ்ட்ரெய்ன்ட் இடத்தில் 'இயன்றளவு விரைவில்' என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, கெடுவை டெட்லைன் என்ற இடத்தில் போடுங்கள். அது எதையும் இழுக்காது, தள்ளாது. வரைபடத்தில் ஒரு பச்சை அம்புக்குறியாக நிற்கும், வேலை அதைத் தாண்டும்போது ஓரத்தில் சிவப்பு அடையாளம் வரும். மழை பெய்யும்போது உங்களுக்கு வேண்டியது அந்தச் சிவப்புதான்.

அடுத்தது நூறு வீதம். அதை மட்டும் போட்டால் மென்பொருள் அட்டவணையில் இருந்த முடிவுத் திகதியை அப்படியே எடுத்து உண்மையான முடிவுத் திகதியாக எழுதிவிடும், அதற்கு வேறு என்ன தெரியும்? ஆகவே அக்சுவல் பினிஷ் நிரலைத் திறந்து, மேசன் பாஸ் கொங்கிரீட்டை முடித்த நாளை அதில் எழுதுங்கள். நூறு வீதம் தானாக வரும், பின்னால் இருக்கும் வேலைகளும் சரியான நாளுக்கு நகரும். வேலை முடிந்த அன்றே எழுதிவிடுவது நல்லது. மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதும் திகதிகளை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்ப வேண்டாம்.

அப்புறம் பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் திட்டத் திகதிகளை அப்படியே சேமித்து வைக்கும் பிரதி. வேலை தொடங்குமுன் ஒருமுறை எடுத்து வையுங்கள், அதன் பிறகு அதன்மேல் மறுபடி எடுக்காதீர்கள், எடுத்தால் தாமதம் முழுதும் அழிந்து எல்லாம் நேரத்துக்கு நடந்ததாகிவிடும். திட்டத்தைத் திருத்த ஒப்புதல் கிடைத்தால் பேஸ்லைன் 1 என்று தனியாக எடுங்கள், 10 வரை இடம் இருக்கிறது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் மண்வேலை எவ்வளவு இழுக்கிறது என்பதை உண்மையான திகதிகள்தான் சொல்லும், அடுத்த தொகுதி வீடுகளுக்கு நீங்கள் கேட்கப்போகும் காலமும் அதிலிருந்துதான் வரவேண்டும். பணம் கொடுப்பவர்களிடம் தாமதத்தை மறைக்காமல் காட்டுங்கள், வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் அதே திகதியைச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விடயம்: வேலைக்குப் பக்கத்தில் குண்டூசி அடையாளம் இருந்தால் அது கையால் திகதி போடும் முறையில் இருக்கிறது, தானியங்கி முறைக்கு மாற்றாவிட்டால் மேலே சொன்னது சரிவர நடக்காது.

கேள்வி: போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் வேலை நடப்பதாக அட்டவணை காட்டுகிறதே?
வாசகர், பண்டாரவளை

பதில்: சேஞ்ச் வேர்க்கிங் டைம் என்பதில் விடுமுறைகளாகச் சேர்க்க வேண்டும். போயா மாதா மாதம் ஒரே திகதியில் வராது, ஆகவே 'மாதந்தோறும்' என்று போட்டு விட்டுவிட முடியாது. அந்த வருட அரச விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அடியுங்கள், தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளியையும் சேர்த்து. தீபாவளிக்கு மறுநாளும் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.