ஜார்ஜ்டவுன் கடைவீடுகள்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான பழைய கடைவீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊரின் பழைய பகுதி, புது வீடமைப்பு என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணே, யுனெஸ்கோ பேரைச் சொல்லி உயரமாக் கட்ட விடமாட்டேங்கறாங்க. அதனாலதானே ஊருக்குள்ள நம்மாளுங்க வீடு வாங்க முடியல? (பட்டர்வொர்த்)

இல்லை தம்பி. கணக்கைப் பாருங்கள். பட்டியலில் உள்ள மையப் பகுதி 109 ஹெக்டர், அதைச் சுற்றிய பகுதி 150 ஹெக்டர். இரண்டும் சேர்த்து 2.6 சதுர கிலோமீட்டர். தீவோ சுமார் 300 சதுர கிலோமீட்டர். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் உயரத்தைக் கட்டுப்படுத்தினால் தீவு முழுக்க விலை ஏறிவிடுமா? கடலைத் தூர்த்து எடுத்த தஞ்சோங் தோக்கோங் பக்கம் வானளாவக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நீங்களும் நானும் வாங்குகிற விலையிலா வீடு இருக்கிறது?

ஊருக்குள் குடியிருந்தவர்கள் வெளியேறிய கதை வேறு. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை அடிமட்டத்தில் வைத்திருந்தது. வீட்டுக்காரருக்குக் கிடைத்த காசில் ஓடு மாற்றக்கூட முடியாது. ஆனால் குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு எளிதில் இடிக்கவும் முடியாது. கடைவீடுகள் வரிசை குலையாமல் தப்பியதற்கு அந்தச் சட்டம்தான் பெரிய காரணம் என்பேன். அப்போது அதை யாரும் பாரம்பரியப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை.

1997-ல் சட்டத்தை ரத்து செய்து, 1999 கடைசி வரை தவணை கொடுத்தார்கள். 2000 ஜனவரியில் வாடகை அவிழ்த்துவிட்டது போல் ஏறியது. தையல்காரர், கூடை முடைபவர், மாடியில் குடியிருந்த பாட்டி எல்லாரும் அப்போதே கிளம்ப ஆரம்பித்தாயிற்று. யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது 2008 ஜூலை 7-ல். பிறகு சுற்றுலா வந்து, மிச்சமிருந்தவர்களையும் தள்ளியது உண்மைதான். அதற்கு யுனெஸ்கோ முத்திரையும் பொறுப்பு, மறுக்கவில்லை.

அப்படின்னா எவ்வளவு உயரம் கட்டலாம்?

உச்ச வரம்பு 18 மீட்டர், ஏறக்குறைய ஐந்து மாடி. அதற்குள்ளும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்துத்தான் அனுமதி. பட்டியலில் சேர்ந்த சூட்டோடு, இந்த வரம்பைத் தாண்டிய 4 ஹோட்டல் திட்டங்களால் பெரிய சர்ச்சையே நடந்தது.

தாத்தா விட்டுட்டுப் போன கடைவீடு, லிட்டில் இந்தியா பக்கம். இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டலாமா ஐயா? (ஈப்போ)

முதலில் மாநகர் மன்றத்தில் உங்கள் வீடு எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பாதுகாக்க வேண்டியவை என்று குறித்த முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்றால் இடிக்கும் பேச்சே வேண்டாம். காலி மனையாக இருந்தாலோ, முன்பே பழைய அடையாளம் போன கட்டடமாக இருந்தாலோ புதிதாகக் கட்ட வழி உண்டு. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் எல்லாவற்றையும் பெயர்த்துவிடலாம் என்று சில ஒப்பந்தக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். நம்பாதீர்கள். முற்றம், மரப்படி, அஞ்சடி (வீட்டு முன்னால் கூரையுள்ள நடைபாதை) எல்லாம் கணக்கில் வரும்.

சுவர் கீழே பொரிஞ்சு கொட்டுது. சிமெண்ட் பூசினா நிக்குமா?

இந்தக் கேள்விக்கு நான் நாள் முழுக்கப் பதில் சொல்வேன். பூசாதீர்கள்! பழைய செங்கல் சுவருக்குக் கீழே ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூத்து, ஒரு வருடத்துக்குள் இடுப்பு உயரத்தில் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும். தட்டிப் பாருங்கள், பொத்பொத்தென்று கேட்கும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைச் செய்யும். சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஆறவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். ஆளுக்கும் காசு, பொறுமைக்கும் காசு. ஆனால் நிற்கும்.

பறவைக்கூடு வளர்க்கலாமா?

சாப்பிடும் கூட்டுக்காக வீட்டுக்குள் குருவி வளர்ப்பதைக் கேட்கிறீர்கள். பாரம்பரியப் பகுதிக்குள் முடியாது. 2013-க்குள் காலி செய்யச் சொல்லிக் கெடு வைத்தார்கள். நல்ல முடிவு. குருவி வளர்த்தவர்கள் ஜன்னலை அடைத்து, உள்ளே ஈரத்தைத் தேக்கி வீட்டையே அழுகவிட்டார்கள்.

குடியிருப்பாளர்கள் திரும்பி வர என்னதான் வழி அண்ணா? (சுங்கை பட்டாணி)

கீழே காப்பிக்கடை, மேலே பூட்டிய மாடி. பல தெருக்களில் இதுதான் நிலைமை. அந்த மாடிகளுக்குத் தனிப் படியும் கழிவறையும் அமைக்க வீட்டுக்காரருக்கு மானியம் கொடுத்து, பதிலுக்கு நீண்டகால வாடகை ஒப்பந்தம் கேட்கலாம். கோயில், பள்ளிவாசல், கொங்சி (சீனர்களின் குலச் சங்கம்) அறக்கட்டளைகள் கையில் வரிசை வரிசையாக வீடுகள் உண்டு. லாபம் பார்த்தே தீர வேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் குறைவு என்பதால் நான் முதலில் அவர்கள் கதவைத்தான் தட்டுவேன். காலி மனைகளில் நாலைந்து மாடிக்கு, வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடுகள் கட்டுவதையும் நான் எதிர்க்கவில்லை. அவற்றை ஹோட்டல் அறையாக மாற்ற முடியாதபடி அனுமதியிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாற்றிவிடுவார்கள்.