ஒரு மாஸ்பெர்க் 500, இரண்டு குழல்கள்

வீட்டுப் பாதுகாப்புக்கு மாஸ்பெர்க் 500 என்ற பம்ப் வகை (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) ஷாட்கன் வைத்திருக்கும் நீங்கள், களிமண் தட்டு சுடுதலுக்கு இன்னொன்று வாங்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது துப்பாக்கி தேவையில்லை. உங்கள் 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) மாஸ்பெர்க் 500-க்கு 28 அங்குலக் குழல் ஒன்றை மட்டும் வாங்கினால், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுட அதையும், வீட்டுப் பாதுகாப்புக்கு இப்போதுள்ள 18.5 அங்குலக் குழலையும் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பம்ப் பிடியைப் பாதியளவு பின்னிழுத்து, முன்முனைத் திருகைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். எட்டுத் தோட்டா கொள்ளும் மாடல் என்றால் மட்டும், அதன் நீண்ட தோட்டாக்குழாய்க்கு இந்தக் குழல் பொருந்தாது.

தோள் கன்றிப்போகிறது என்கிறீர்களே, அதற்குக் கேஜைவிட, தோளில் பதியும் பின்கட்டையின் நீளமே காரணமாக இருக்கக்கூடும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கட்டை உங்களுக்கு நீளம். குட்டையான கட்டையும் முக்கால் அவுன்ஸ் அல்லது ஓர் அவுன்ஸ் ரவை (சிறு குண்டுகள்) உள்ள மெல்லிய தோட்டாவும் போதும்.

மனைவிக்குத் தனியாக 20 கேஜ் வாங்குவதானால், இரண்டு வகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்கவே கூடாது. மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும்.

பக்‌ஷாட் எனப்படும் பெரிய ரவைத் தோட்டா ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் என்பதால், குழந்தைகள் உறங்கும் திசை எது என்பதையும், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியையும் எதையும் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.