பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போகும்முன்

தங்கச்சி, அப்பாவின் ஒப்பரேசனுக்காக இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போகிறீர்கள், கணவர் கத்தாரில், ஒன்பது வயது மகளை லண்டன் ஹரோவில் இருக்கும் உங்கள் சித்தியின் மகளிடம் விடலாமா, எழுதிக் கொடுத்தால் உரிமை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரிமை போகாது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி பெற்றோர் பொறுப்பை, அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் உரிமையையும் கடமையையும், யாருக்கும் கைமாற்ற முடியாது. உங்களுக்குப் பதிலாகச் செய்ய ஒருவரை ஒழுங்கு செய்யலாம், அவ்வளவுதான். இடையில் வந்தும் பிள்ளையைக் கூட்டிப்போகலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ நெருங்கிய உறவல்லாதவர் வைத்திருந்தால் அது பிரைவேட் ஃபொஸ்டரிங். பிள்ளையின் தாத்தா பாட்டிமார், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், அவர்களின் துணைகள், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை மட்டுமே சட்டத்துக்கு நெருங்கிய உறவு. மகள் பெரியம்மா என்று கூப்பிட்டாலும் உங்கள் சித்தி மகள் அதற்குள் வரமாட்டார். எனவே ஆறு வாரத்துக்கு முன்பே நீங்களும் அவரும் அவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி சபைக்கு) அறிவிக்க வேண்டும். அவசரமென்றால் பிள்ளை போய் 48 மணி நேரத்துக்குள். இருபத்தேழாம் நாள் கூட்டிவந்து மறுநாள் திரும்ப விடுவது எடுபடாது.

அறிவித்ததும் கவுன்சிலின் சோஷல் வேர்க்கர் ஏழு வேலை நாளுக்குள் வீடு பார்ப்பார், பிள்ளையோடு தனியாகப் பேசுவார், பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளையைப் பறிக்க வருகிறார் என்று எங்கள் ஆட்கள் பயந்து மறைப்பதுதான் பெரிய பிழை. 2000ஆம் ஆண்டு லண்டனில் கொல்லப்பட்ட எட்டு வயது விக்ரோறியா கிளிம்பியையும் ஐவரி கோஸ்ட் பெற்றோர் நம்பித்தான் ஓர் உறவுக்காரியோடு அனுப்பினார்கள். அதன் பிறகே இந்த விதிகள் இறுகின. சொல்லாமல் விடுவது குற்றம். அதைவிட, பள்ளிக்கூடமே கவுன்சிலுக்குச் சொல்லிவிடலாம்.

இனி நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, என்எச்எஸ் (அரச வைத்திய சேவை) இலக்கம், ஜீபி (குடும்ப வைத்தியர்), ஒவ்வாமை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யாரிடம், உங்களதும் கணவரதும் வாட்ஸ்அப் இலக்கம். பள்ளியில் கூட்டிவர, பெற்றோர் சந்திப்புக்குப் போக, வைத்தியரிடம் காட்ட அனுமதி என்று தனித்தனியாக எழுதுங்கள். "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று ஒரே வரியில் எழுதினால் வரவேற்பு மேசையிலேயே திருப்பிவிடக்கூடும். உயிர் ஆபத்தென்றால் ஆஸ்பத்திரி கடிதம் பார்க்காது. ஆனால் தள்ளிப்போடக்கூடிய ஒப்பரேசன், தடுப்பூசி என்றால் உங்களிடமே கேட்பார்கள். போன் எப்போதும் திறந்திருக்கட்டும். கணவரும் கையெழுத்துப் போடட்டும். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒன்று ஜீபிக்கு.

சாப்பாட்டுச் செலவு உங்களுடையது, கவுன்சில் தராது. மாதத் தொகையை முதலே பேசுங்கள். பிள்ளை உங்களிடம் திரும்பியதும் 48 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியவர் உங்கள் சித்தி மகள்.