உயிருடன் சிறுநீரகம் அளிப்போரில் பெண்கள் ஏன் அதிகம்?

சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களும், பெறுபவர்களில் ஆண்களும் அதிகமாக இருப்பதற்கு உடலியல் காரணமா, சமூகக் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு, ஆனால் உடலியலை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் நிலையை எட்டுபவர்களில் ஆண்கள் அதிகம் என்பது உண்மைதான். கர்ப்பத்தின்போது கணவரின் திசுக் கூறுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (அவற்றை அந்நியமாகக் கருதித் தாக்கும் புரதங்கள்) மனைவியின் உடலில் உருவாகக்கூடும் என்பதால், கணவர் மனமுவந்து முன்வந்தாலும் அவருடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தாமல் போகலாம். மனைவி கணவருக்குக் கொடுக்க அந்தத் தடை இல்லை.

எஞ்சியது வீட்டுக் கணக்கு. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் வருமானம் நின்றுவிடும் என்று ஆண்களைக் கொடையிலிருந்து விலக்கிவைக்கும் குடும்பம், சம்பளமில்லாத வீட்டு வேலையை இழப்பாகவே எண்ணுவதில்லை. 1952-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஒரு தாய் தன் மகனுக்குச் சிறுநீரகம் அளித்தது முதல், 'தாய் கொடுப்பாள்' என்பது கேள்வியில்லாத எதிர்பார்ப்பாகவே தொடர்கிறது.

இனிக் குழந்தை பெற விரும்பும் பெண்ணிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கனடாவில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமோ பிரீ-எக்ளாம்ப்சியாவோ (உயர் ரத்த அழுத்தத்தோடு சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் பாதிக்கப்படக்கூடிய கர்ப்பகால நோய்), கொடையளித்தவர்களின் கர்ப்பங்களில் 11 சதவீதத்திலும் மற்றவர்களின் கர்ப்பங்களில் 5 சதவீதத்திலும் காணப்பட்டது. பெரும்பாலான பிரசவங்கள் நலமாகவே முடிந்தன என்றாலும், இதை அறிந்த பிறகு அவள் உறவினர் எவரும் இல்லாத அறையில் மருத்துவரிடம் தனியாகப் பேசுவது அவசியம். அங்கே அவள் மறுத்தால், காரணத்தை வெளியிடாமல் 'மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை' என்று மட்டும் குடும்பத்தாரிடம் தெரிவிக்கும் மருத்துவக் குழுக்களும் உண்டு.