12% பைனான்ஸா, 15% பேங்கா?

கோத்தகிரி நண்பருக்கு வணக்கம். தேயிலை கவாத்து மெஷினுக்கு ஒரு லட்சம், 2 வருஷக் கடன். பைனான்ஸில் 12%, பேங்கில் 15%, எது லாபம் என்று கேட்டிருந்தீர்கள்.

பேங்க்தான். பைனான்ஸில் மாதத் தவணை 5,167 என்கிறீர்களே, அப்படியென்றால் அது ஃப்ளாட் வட்டி. பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி ஓடும்: மொத்தம் 24,000. பேங்கில் மிச்சமிருக்கும் அசலுக்குத்தான் வட்டி. தவணை 4,849, மொத்த வட்டி 16,400க்குள். அந்த 12%, பேங்க் கணக்குப்படி 21.5%க்கு மேல்!

கையெழுத்துக்கு முன் 'கேஎஃப்எஸ்' தாளை, அதாவது கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை, கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அதில் 'ஏபிஆர்' என்று போட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள், பிராசஸிங் கட்டணமும் சேர்ந்த நிஜ வருஷ வட்டி அதுதான்.

அப்புறம், ஃபேக்டரியில் இலைப் பணம் போட்ட பிறகு வருகிற தேதியாகத் தவணைக்குக் கேளுங்கள். கணக்கில் காசில்லாமல் திரும்பினால் அபராதம் தனி.