வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் வீட்டுக்குள் வெள்ளம் வராமல் தடுக்க முடியுமா?

முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரைச் சில மணி நேரம் தடுக்கலாம். ஆனால் வாசலை மட்டும் அடைத்தால் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருந்தபோது தெரிந்துகொண்டது இது.

அன்று வாசலில் பன்னிரண்டு மூட்டை அடுக்கியிருந்தோம். தெருத் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றிருந்தது, எங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அப்போதுதான் அம்மா பின்பக்கமிருந்து கத்தினார். பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையின் ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் ஏறினால் சாக்கடைக் குழாயிலும் ஏறும். வீட்டுத் தரை அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாய் வழியே உள்ளே வந்துவிடும், வாசலில் எத்தனை மூட்டை இருந்தாலும்.

அதனால் முதலில் ஜாலிகளை அடையுங்கள். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓட்டைக்குள் இறுகத் திணித்து, மேலே ஒரு மணல் மூட்டையைப் பாரமாக வையுங்கள். டாய்லெட் கோப்பைக்குள்ளும் ஒரு சின்ன மூட்டை வேண்டும்.

அப்புறம் வாசல். சாக்கை வாய்வரை நிரப்பாதீர்கள், பாதிக்குச் சற்று மேலே போதும். முட்ட நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கெல்லாம் தண்ணீர் புகும். பாதி நிரப்பியதைக் காலால் மிதித்தால் படிந்து உட்காரும். செங்கல் கட்டுவதுபோல, கீழே இரண்டு மூட்டை சேரும் இடத்தின் மேல் அடுத்த மூட்டை வரட்டும். தார்ப்பாயைத் தண்ணீர்ப் பக்கம் விரித்து, அதன் அடி நுனியை முதல் வரிசைக்குக் கீழே சொருகிவிடுங்கள். உயரம் கூடினால் அடி அகலமும் கூட வேண்டும், உயரத்தைப்போல் மூன்று மடங்கு.

மணல் கிடைக்கவில்லையா? ஜப்பானில் உள்ளாட்சிகள் மக்களுக்குச் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு. இரண்டு குப்பைப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பாதி தண்ணீர் பிடித்து, இறுகக் கட்டி, அட்டைப் பெட்டிகளில் வைத்து வாசலில் நெருக்கி அடுக்குகிறார்கள். ஆழம் குறைவாக இருக்கும்போது இது போதும்.

இப்போது எங்கள் வாசல் நிலையின் இருபுறமும் பலகை செருக அலுமினிய சேனல் அடித்து, ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்த பலகை ஒன்றை வைத்திருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலின்போது அதை மாட்டினோம். அடியில் கசிந்ததை அப்பா துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தார், அவ்வளவுதான். வடிந்த பிறகு பார்த்தால் பலகையில் ஒன்றரை அடி உயரத்தில் சேற்றுக்கோடு.

சரி, எதுவரை தடுக்கலாம்? மூன்றடி அகல வாசலை ஓரடித் தண்ணீர் ஏறக்குறைய 42 கிலோ விசையோடு தள்ளும். இரண்டடி ஆனால் 170 கிலோ. சுவர்களையும் அப்படியேதான் தள்ளும். அதனால் இரண்டடியைத் தாண்டினால் போராடாதீர்கள், தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு மாடிக்குப் போங்கள். சுவர் விரிசல் விடுவதைவிட நனைந்த தரை மேல். தண்ணீர் நுழையும் முன்பே மின்சார மெயினை அணைத்துவிடுங்கள். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவில் அடையாற்றங்கரை வீடுகளை எந்த மூட்டையும் காப்பாற்றியிருக்காது.

இன்னொன்று. வெள்ளத்தில் ஊறிய மணலில் சாக்கடைத் தண்ணீரும் கலந்திருக்கும். அதைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் போடாதீர்கள்.